கண்ணால் கண்டதைச் சொன்ன தவறணைக்காரர்

தெருவில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டால் மற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள். அவர் கதவைத் திறப்பார். தோளில் கிடக்கிற துவாயில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். நடப்பதை ஒரு தரம் நன்றாகப் பார்ப்பார். பிறகு கைபேசியை எடுத்துப் பொலிசுக்கு அடித்து, "நான் கண்டனான், என்ரை பேரை எழுதுங்கோ, விலாசத்தை எழுதுங்கோ" என்பதைத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லுவார். அந்தப் பிரெஞ்சில் இலக்கணத்தைத் தேடினாலும் கிடையாது. ஆனால் விலாசம் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாது.

கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய தவறணை இருந்தது. பலகையில் பார் என்றுதான் எழுதியிருந்தது. எங்கள் ஆட்கள் ஊர்ப் பழக்கத்தில் தவறணை என்றார்கள், அவரும் அதைத் திருத்தவில்லை. நான் அங்கே ஆறு வருடம் சமைத்தேன். அவர் திருகோணமலைக்காரர், என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவருடைய குணம் விளங்கிவிட்டது. மூலையில் உள்ள சிக்னலில் ஒரு டாக்சி ஒரு பிள்ளையின் சைக்கிளைத் தட்டிவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பஸ் வந்தது, அத்தனை பேரும் ஏறிப் போய்விட்டார்கள். கடைசியில் நின்றது இவர் ஒருவர்தான். டாக்சி ஓட்டியவர் நம்முடைய ஆள், கோயிலில் முன்வரிசையில் நிற்கிறவர். அவர் அன்றைக்குப் பின்னேரமே தவறணைக்கு வந்து கெஞ்சினார்.

"அண்ணை, எங்கடை ஆளுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லுறதோ?"

"எங்கடை ஆள்தான் தம்பி, ஆரில்லையெண்டது? ஆனால் நீர் சிவப்பிலை வந்தனீர்."

"கொஞ்சம் மஞ்சளெண்டு சொல்லக் கூடாதோ?"

"மஞ்சளிலை வந்திருந்தால் சொல்லியிருப்பன்."

வழக்கு நாளன்று தவறணையைப் பூட்டிவிட்டு, சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதோடு கோயில் பக்கத்தில் பாதிப் பேர் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்காக அவர் ஒரு நாள் சாப்பாட்டைக் குறைத்ததாக எனக்கு நினைவில்லை.

கதைக்காதவர்கள் குடிக்காமல் விட்டார்களா? அதுதான் இல்லை. எங்கள் ஆட்கள் தவறணைக்கு வருகிற விதமே தனி. வெள்ளைக்காரர், பிலிப்பினோக்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவர்கள் எல்லாரும் முன்கதவால் வந்து மேசையில் இருந்து குடிப்பார்கள். எங்கள் ஆண்கள் பின்னால் உள்ள ஒழுங்கையால் வந்து, குசினிக் கதவைத் தட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே குடிப்பார்கள். குடித்து முடித்ததும் நான் வைத்திருக்கும் கிண்ணத்தில் பெருஞ்சீரகம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியேறுவார்கள். கோயில் நிர்வாக சபையில் பாதியும் தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றார் சங்கத்தில் முக்காலும் அந்தக் கிண்ணத்தில் கைவைத்தவர்கள்தான். மனைவிமாருக்கு அவர்கள் என்ன சொல்லிவிட்டு வந்தார்களோ, நான் கேட்டதில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் பின்கதவுதான். என் கணவர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். ஊர்க்காரர் கேட்டால், நானும் அதே ஆஸ்பத்திரியில் சமையலறையில் வேலை என்று சொல்லிவைத்திருந்தோம். குடும்பப் பெண் தவறணையில் வேலை செய்கிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமோ. வீட்டுக்குள் எங்கள் மகளுக்கு மட்டும் உண்மை தெரியும்.

அந்தக் குசினியில் நான் செய்தது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. டெவில் கோழி, மரவள்ளிப் பொரியல், உறைப்புக் கடலை. உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேலே சீஸ் போட்டுக் குழம்பு ஊற்றுகிற இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு நான் ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிக் கொடுப்பேன். அதைத் தின்பதற்கென்றே வேறு பகுதிகளிலிருந்து மெட்ரோ ஏறி வந்தார்கள். அவர் அதைப் பிளேட்டில் ஏந்திக்கொண்டு போகும்போது, "என்ரை தங்கச்சி செய்தது" என்று மேசைக்கு மேசை சொல்லுவார். நான் உள்ளேயிருந்து, "அண்ணை, என்ரை பேரைச் சொல்லிப் போடாதேங்கோ" என்று கத்துவேன். "பேரைச் சொல்லேல்லை, உறவைத்தான் சொன்னனான்" என்று சிரிப்பார்.

காலையில் தவறணையைத் திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, ஒவ்வொரு போத்தலாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. மதுவுக்குள் பழ ஈ ஒன்று விழுந்து கிடந்தாலும் பரிசோதகர்கள் குற்றம் எழுதுவார்கள். சாராயத்துக்குள் விழுந்த ஈ சந்தோசமாகத்தானே செத்திருக்கும், அதற்கு ஒரு வழக்கா என்று நான் பகிடி விடுவேன். அவர் சிரிக்கமாட்டார். ஒரு நாள் ஒரு போத்தலில் ஓர் ஈயைக் கண்டுவிட்டார். பேசாமல் ஊற்றிவிட்டிருக்கலாம். அவரோ அடுத்த முறை வந்த பரிசோதகரிடம், "போன மாதம் ஒரு போத்தலிலை ஒண்டு கிடந்தது, கண்டவுடனை ஊத்திப்போட்டன்" என்று தானாகவே சொன்னார். அந்த மனிதர் எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் பேனையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு விசரோ அண்ணை?" என்று கேட்டேன்.

"கண்டனான் தங்கச்சி. கண்டதைக் காணேல்லையெண்டு சொல்ல எனக்கு வராது."

ஏன் வராது என்பதை ஒரேயொரு முறை சொன்னார். இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஆகவே கண்ணில் வந்தது எதற்காக வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஊரில் அவருடைய தமையனைப் பட்டப்பகலில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தெரு முழுக்க ஆட்கள். தாய் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார், ஆர் ஏற்றினது, என்ன வாகனம், எந்தப் பக்கம் போனது என்று. ஒருவரும் காணவில்லையாம்.

"அவையளை நான் பிழை சொல்லமாட்டன்" என்றார். "பேந்து விசாரிக்க வந்த ஆக்கள் என்னட்டையும் கேட்டவை. நான் வாசலிலைதான் நிண்டனான். அண்ணை என்னைப் பாத்துக்கொண்டுதான் ஏறினவர். நானும் காணேல்லையெண்டுதான் சொன்னனான்."

அதற்குப் பிறகு அவர் உரித்த வெங்காயங்களை நான் திரும்ப எடுத்து உரிக்க வேண்டியிருந்தது. பாதித் தோல் அப்படியே இருந்தது.

பிறகு எங்கள் ஒழுங்கை கெட்டுப்போயிற்று. எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டம் அங்கே நின்று சின்னச் சின்னப் பொட்டலங்கள் விற்கத் தொடங்கியது. அவர்களுக்குள் சண்டை, வாங்க வருகிறவர்களோடு சண்டை. எங்களைப் போலப் பக்கத்துக் கடைக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். தெப்பனர் என்கிற மூலைக்கடையை வைத்திருந்தவர் தன் பின்கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தார். சலவைக்கடைக்காரி திரைச்சீலை போட்டாள். இவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் பொலிசைக் கூப்பிட்டார். சண்டை ஒழுங்கையின் எந்த முனையில் நடந்தாலும் தன் விலாசத்தையே கொடுத்தார். ஒழுங்கைக்கு இலக்கம் இல்லை, பொலிஸ் தேடித் திரியக்கூடாது என்பது அவர் நியாயம்.

வழக்கமாக வருகிற பொலிஸ்காரி ஒருத்தி இருந்தாள். உயரமான பெண், தலைமயிரை இறுக்கிக் கட்டியிருப்பாள். "இந்தத் தெருவில் எங்களைக் கூப்பிடுகிற ஒரே மனிதர் நீங்கள்தான்" என்று அவள் சொன்னதை ஏதோ பட்டம் கிடைத்தமாதிரி என்னிடம் வந்து சொன்னார்.

"அண்ணை, இது வேலியிலை போன ஓணானைப் பிடிச்சுக் காதுக்கை விடுற வேலை. கதவைப் பூட்டிப்போட்டு இருங்கோ."

"இது எங்கடை ஊர் இல்லைத் தங்கச்சி. இங்கை கூப்பிட்டால் வருவினம், எழுதுவினம்."

எழுதினார்கள். அதுதான் வினை.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று, பின்னேரம் நாலு மணி இருக்கும். வெயிலுக்குத் தவறணை காலியாகக் கிடந்தது. மூலையில் உள்ள, காசு போட்டு விளையாடுகிற லொத்தர் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கியூபெக் கிழவர் இருந்தார். அவர் அதில் இருந்தால் பூமி பிளந்தாலும் திரும்பமாட்டார். முன்கதவால் இரண்டு பேர் வந்தார்கள். வரும்போதே தள்ளாட்டம். நான் குசினியிலிருந்து சாப்பாடு கொடுக்கிற சாளரத்தால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மது கேட்டார்கள், இவர் தலையை ஆட்டி மறுத்தார். ஒருத்தன் மேசையில் அடித்தான். இவர் இரண்டு கிளாஸ் தண்ணீர் எடுத்து வைத்தார், அவ்வளவுதான். ஒரு துளி மதுகூட ஊற்றவில்லை. அவர்கள் கதிரை ஒன்றைத் தள்ளி விழுத்திவிட்டு, வந்த வழியே போனார்கள். இதை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பத்து நிமிடத்தில் ஒழுங்கையில் கூச்சல். குசினிக் கதவு திறந்தது. அந்த இருவரில் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து என் காலடியில் விழுந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது. நான் போட்ட கூக்குரலில் அண்ணை ஓடிவந்தார். மேசை விரிப்பை உருவி அவன் வயிற்றில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். கைபேசியை நிலத்தில் வைத்து, குனிந்து அதற்குள் விலாசத்தைச் சொன்னார்.

அந்த இடத்தில், ஓர் உயிர் போய்க்கொண்டிருந்த இடத்தில், எனக்கு நினைவு வந்தது என்ன தெரியுமா? அடுத்த கிழமை ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்பதுதான். மகளும் அந்தப் பையனும் பல்கலைக்கழகத்தில் விரும்பிக்கொண்டார்கள். பையனின் தகப்பன் கோயில் சபைக்காரர், குடும்பம் எப்படி, தாய் எங்கே வேலை என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறவர். என் மகள் அந்தப் பையனின் பெயரைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணை, என்ரை பேர் வேண்டாம்" என்றேன். "பொலிஸ் வந்தால் பேர் எழுதுவினம். லவால் ஆக்கள் வாற கிழமை வருகினம் அண்ணை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை இரண்டும் அந்த மனிதனின் வயிற்றில் இருந்தன.

"போ" என்றார். "முன்கதவாலை போ. ஒழுங்கையிலை அவங்கள் நிப்பாங்கள்."

நான் போனேன். ஆறு வருடத்தில் அந்தத் தவறணையின் முன்கதவால் நான் வெளியே வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவன் உயிர் தப்பிவிட்டான், அண்ணை அழுத்தியதால் தப்பினான் என்று டாக்டர்களே சொன்னார்களாம். ஆனால் அவன் பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் வேறு. பின்னேரம் முழுக்க அந்தத் தவறணையில்தான் குடித்தேன், அளவு மீறி ஊற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருந்தான். எங்கே குடித்தானோ, யாரைக் காப்பாற்றச் சொன்னானோ.

பனி மாரி தொடங்கும்போது மதுபான உரிமங்களைக் கவனிக்கிற சபையிலிருந்து தடித்த கடிதம் ஒன்று வந்தது. பொது அமைதிக்குப் பங்கம், ஆகவே உரிமத்தை ஏன் பறிக்கக் கூடாது என்று வந்து விளக்கம் சொல்லும்படி. அதோடு பொலிஸ் கொடுத்த சம்பவப் பட்டியல், நாலைந்து பக்கம். அவர் பிடித்த வழக்கறிஞர் ஓர் இளம் பெண். அவள் தவறணைக்கே வந்து மேசையில் இருந்து பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒழுங்கையில் அடிதடி, யார் அழைத்தது? நான். பஸ் தரிப்பில் கத்திச் சண்டை, யார் அழைத்தது? நான். சைக்கிள் விபத்துக்கூட அதில் இருந்தது. அதற்கும் நான்தான் என்றார், கொஞ்சம் பெருமையோடு. அவள் பேனையை மூடிவைத்துவிட்டாள். தெருவில் நடந்ததெல்லாம் அவர் விலாசத்தில் நடந்ததாகக் கடதாசியில் ஏறியிருந்தது.

அவள் சொன்னது இதுதான்: பட்டியலுக்குப் பதில் சொல்லலாம், கத்திக்குத்துத்தான் கழுத்தில் நிற்கிறது. அந்த இருவருக்கும் நீங்கள் மது கொடுக்கவில்லை என்பதைப் பார்த்தவர் யாராவது வந்து சொன்னால் உரிமம் தப்பும். வேறு யாராவது உங்கள் தவறணை ஒழுங்கான இடம் என்று கடிதம் தந்தால் அதுவும் உதவும்.

கடிதத்துக்கு அவர் பின்கதவு ஆட்களைக் கேட்டார். ஒருவர்கூடத் தரவில்லை. "வேறை என்ன உதவியெண்டாலும் கேளுங்கோ அண்ணை" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த நேரமும் அவர்கள் கையில் கிளாஸ் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பெருஞ்சீரகக் கிண்ணத்தைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டேன், மணத்தோடு வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டட்டும் என்று.

என்னை அவர் கேட்கவேயில்லை. வழக்கறிஞர் சொன்னதைச் சும்மா செய்தி மாதிரிச் சொல்லிவிட்டு, போத்தல்களைத் துடைக்கப் போய்விட்டார். நானாகத்தான் போய் நின்று சொன்னேன்: "நான் வாறன் அண்ணை. நான் கண்டனான்."

அவருடைய முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவது? அந்த மனிதருக்கு அந்த வார்த்தையை வாழ்க்கையில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். "யோசிச்சுச் சொல்லு தங்கச்சி" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

விசாரணைக்கு முதல் நாள், எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்தாயிற்று, என் பேரை அங்கே வந்தபிறகு கொடுத்தால் போதும் என்று வழக்கறிஞர் போனில் சொன்னதாக அண்ணை வந்து சொல்லி, மொழிபெயர்க்கிற பெண்ணின் பெயரையும் சொன்னார். அந்தப் பெண் லவாலில் இருப்பவள், மாப்பிள்ளையின் தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. பிரெஞ்சில் எனக்கு நாலு வார்த்தைதான் வரும். இந்த நகரத்தில் தமிழில் சொல்கிற எதுவும் இன்னொரு தமிழரின் வாய்க்குள்ளால்தான் வெளியே போக வேண்டும். நான் தவறணையில் ஆறு வருடம் சமைத்தேன், ஒருத்தன் குத்துப்பட்டு என் காலடியில் கிடந்தபோது ஓடிப்போனேன் என்பதை, அவள்தான் வசனம் வசனமாகக் கேட்டு, வசனம் வசனமாகச் சொல்லப்போகிறாள்.

கணவர், "எங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை" என்று ஒரு தரம் சொன்னார். அவரைச் சாட்டி நான் தப்ப விரும்பவில்லை. காலையில் நல்ல சேலை உடுத்து, குளிர்க்கோட்டுப் போட்டு, மெட்ரோவுக்குப் போனேன். மேடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். ஒரு வண்டி வந்தது, போனது. அடுத்ததில் ஏறுவோம் என்று நினைத்தேன். அப்படி எத்தனை அடுத்தது போயிற்று என்று எனக்குத் தெரியாது. கைபேசி இரண்டு தரம் அடித்தது, எடுக்கவில்லை. மணி பதினொன்றரை ஆனதும் எழும்பி வீட்டுக்கு வந்து, சேலையை மடித்து வைத்துவிட்டு, அரிசி போட்டேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போக எனக்கு முகம் இல்லை. ஆனாலும் போனேன். அவர் யன்னலடியில் நின்று போத்தல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எனக்குக் காய்ச்சல் வந்திட்டுது" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "ஓம், முகமும் வாடித்தான் கிடக்கு. சாப்பிட்டனியோ?"

"இல்லை."

"நீ வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் தங்கச்சி. அவையள் முடிவெடுத்துப்போட்டுத்தான் இருந்தவை."

அதை நம்ப எனக்கு வசதியாக இருந்தது. நம்பிவிட்டேன்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. உரிமம் பறிபோயிற்று. அந்த அறிவித்தலை அவரே கண்ணாடிக்கதவில் ஒட்டினார். கோணலாக நிற்கிறதென்று கிழித்து மறுபடி நேராக ஒட்டினார். லொத்தர் இயந்திரத்துக் கிழவர் அதை வாசித்துவிட்டு வாசற்படியில் இருந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம் இருக்கிற இடத்தில் அழுகைக்கு இடமில்லைப்போலும்.

அதற்குப் பிறகு அவர் நகரத்தின் ஓரத்தில் உள்ள இல்-பிசாரில் தங்கையின் மகன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தார். நான் ஒரு முறை போனேன். பஸ் இரண்டு மாறி, அங்கே இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். தேத்தண்ணி போட்டுத் தந்தார். மகளின் கலியாணத்தைப் பற்றிக் கேட்டார். நன்றாக நடந்தது என்றேன். மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்து, மாப்பிள்ளையின் தகப்பனும் கோயில் சபைக்காரர்களும் கடதாசிக் கோப்பையில் விஸ்கி குடித்ததையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாம் எங்கடை ஆக்கள்தானே" என்றார். அந்தச் சிரிப்பில் ஒரு துளி கசப்பு இருந்திருந்தால் நான் கொஞ்சம் ஆறுதலோடு திரும்பியிருப்பேன்.

போன மாரியில் அவர் இறந்துபோனார். மரணச் சடங்குக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். செத்த வீட்டுக்கு முன்கதவால் வர யாருக்கும் வெட்கமில்லை. அந்தப் பொலிஸ்காரியும் சாதாரண உடுப்பில் வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனாள்.

நான் வீட்டுக்கு வந்தும் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து மகளுக்கு ஆச்சரியம். சில நாள் கழித்து, பேரனைக் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு என்னிடம் வந்தவள், கைபேசியில் அவருடைய பெயரைத் தேடினாள். அந்த உரிமச் சபையின் தீர்ப்பு அப்படியே இணையத்தில் இருந்தது. "அம்மா, வாசிக்கவோ?" என்று கேட்டு, பிரெஞ்சை வாசித்து வாசித்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். சம்பவங்கள், திகதிகள், பொலிஸ் சாட்சியம். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"இங்கை பாருங்கோ. பொலிஸ் குசினியிலை படம் எடுத்திருக்கு. அதிலை ஒரு சோடி பொம்பிளைச் செருப்பு. வேறை ஆர் இஞ்சை வேலை செய்தது, அவையள் வந்து சாட்சி சொல்லலாமே எண்டு கேட்டிருக்கினம். ஒருத்தருமில்லை, நான் தனியத்தான் சமைச்சனான் எண்டிருக்கிறார். அப்ப செருப்பு? அதுவும் என்ரைதான் எண்டிருக்கிறார் அம்மா!"

அன்றைக்கு நான் குசினிச் சப்பாத்தோடு ஓடிவந்தேன். பக்கிளில் சின்னப் பூ வைத்த என் செருப்பு கதவு மூலையிலேயே கிடந்தது. அடுத்த முறை போனபோது அது அலமாரிக்குள் ஒரு பையில் சுற்றி இருந்தது. யார் எடுத்து வைத்தார், யார் படம் எடுத்தார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த பந்தியை வாசித்தாள். அதை அவள் மெதுவாகச் சொன்னாள். செருப்பு விடயத்தில் உரிமக்காரர் உண்மை சொல்லவில்லை என்பது தெளிவு. ஆகவே அந்த இருவருக்கும் மது கொடுக்கவில்லை என்று அவர் சொல்வதையும் சபை நம்பவில்லை. இவர் நம்பத்தகுந்த சாட்சி அல்ல.

நம்பத்தகுந்த சாட்சி அல்ல. அவரைப் பற்றி. அது எழுத்தில், யார் வேண்டுமானாலும் வாசிக்கக்கூடியமாதிரி, அவர் பெயரோடு இருக்கிறது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலைக்குப் போகேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அண்டைக்கு எனக்கு லீவு."